நெல்லைச் சீமையில் ஒரு வீட்டு நிலநடுக்கமானி: வைப்பதும் பதிவை வாசிப்பதும்

சன்னல் கதவு கடகடவென்று ஆடும், அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்கும், ஐந்தே நிமிடத்தில் தெரு வாட்ஸ்அப் குழுவில் ‘நிலநடுக்கமா?’ என்று வந்துவிடும். ராதாபுரம், பணகுடி, அம்பாசமுத்திரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. பத்தில் ஒன்பது தடவை அது கல் குவாரி வெடிதான். ஆனால் ஒன்பது தடவை அப்படி என்பதால் பத்தாவது தடவையும் அப்படித்தான் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கேள்விக்காகத்தான் நான் வீட்டில் ஒரு சின்ன நிலநடுக்கமானி வைத்தேன். வைத்த பிறகு தெரிந்தது, கருவி செய்வது கால்வாசி வேலை; எந்தக் கோடு எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் மீதி. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் கையில் இருக்கும் போனிலேயே தொடங்குங்கள். ஃபைஃபாக்ஸ் என்று ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் செய்த இலவசச் செயலி இருக்கிறது. அதில் முடுக்கமானியை, அதாவது போனின் அசைவை அளக்கும் உணர்கருவியைத் திறந்து, போனைத் தரையில் மல்லாக்க வைத்து, இரண்டடி தள்ளிக் குதித்துப் பாருங்கள். கோடு துள்ளும். போன் உணர்கருவிக்குச் சொந்த இரைச்சல் அதிகம், ஆகவே சுமத்ராவில் வரும் நடுக்கத்தை அதில் பார்க்க முடியாது. ஆனால் வீடே ஆடுகிற அளவு அதிர்வை அது பிடிக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் 2023 செப்டம்பரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த நிலநடுக்க எச்சரிக்கை இந்த முடுக்கமானியை நம்பித்தான் ஓடுகிறது. ஒரு போனை நம்ப முடியாது, ஒரே வட்டாரத்தில் பல போன்கள் ஒரே நேரத்தில் துள்ளினால் நம்பலாம். இந்தத் தத்துவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் நமக்கும் தேவைப்படும்.

அடுத்தது நிஜமான உணர்கருவி. அதற்குப் பெயர் ஜியோபோன். எண்ணெய் தேடுகிறவர்கள் வயல் வயலாகக் குத்திவைப்பார்களே, அதுதான். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் செம்புக் கம்பிச் சுருள். தரை அசையும்போது காந்தம் கூட அசையும், சுருள் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அந்த வித்தியாசத்தில் மின்னழுத்தம் பிறக்கும். பேட்டரி எதுவும் வேண்டாம். வாங்கும்போது 4.5 ஹெர்ட்ஸ் (உள்ளே இருக்கும் சுருள் தானாக நொடிக்கு எத்தனை தடவை ஆடும் என்ற கணக்கு), செங்குத்து வகை என்று கேட்டு வாங்குங்கள், சில ஆயிரம் ரூபாய் ஆகும். 10 ஹெர்ட்ஸ், 14 ஹெர்ட்ஸ் வகை இன்னும் மலிவு, ஆனால் தூரத்து நடுக்கங்கள் மெதுவான அலைகளாக வருவதால் அவற்றில் ஒன்றுமே தெரியாது, அந்தக் காசு வீண்.

பணம் இருந்தால் ராஸ்பெர்ரி ஷேக் என்று பெட்டியாகவே வருகிறது, வாங்கி வைத்து இணைய வயரைச் செருகினால் வேலை முடிந்தது, உலகம் முழுக்க இருக்கிற அதன் வலையமைப்பிலும் உங்கள் நிலையம் சேர்ந்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை திரட்டி வைப்பதென்றால் அதையே வாங்கச் சொல்வேன். நானே சாலிடர் வைத்துப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு: ஜியோபோன் ஒன்று, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் மாற்றி ஒன்று, அந்த எண்களை வாங்கிப் பதிவு செய்ய இஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு ஒன்று. ஜியோபோனின் இரண்டு முனைகளையும் மாற்றியின் முதல் இரண்டு உள்ளீடுகளில் கொடுத்து, வித்தியாசத்தை அளக்கும்படி அமைக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். ஜியோபோன் மேலும் கீழும், அதாவது நேர் எதிர் இரண்டு பக்கமும் அழுத்தம் தரும். மாற்றியோ பூஜ்யத்துக்குக் கீழே வாங்காது. அதனால் சம அளவுள்ள இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளை மின்வழங்கலுக்கும் தரைமுனைக்கும் நடுவே தொடராகப் போட்டு, அந்த நடுப்புள்ளியில் ஜியோபோனின் ஒரு முனையைக் கட்டுங்கள். அலை அப்போது பாதி உயரத்தில் நின்று ஆடும், அடிப்பாகம் வெட்டுப்படாது. உருப்பெருக்கத்தை அதிகபட்சம், அதாவது 0.256 வோல்ட் அளவில் வையுங்கள். ஒரு படி சுமார் 7.8 மைக்ரோவோல்ட். வழக்கமான 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குச் சுமார் 28 வோல்ட் தரும். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு கால் மைக்ரோமீட்டர் அசைவைக்கூடப் பிடிக்கலாம். இதை விட நுட்பம் வேண்டுமென்றால் 24 பிட் ஏடிஎஸ்1256-க்குப் போக வேண்டும், ஆனால் முதல் வருடத்துக்கு இது தாராளம். நொடிக்கு 100 தடவை அளவெடுங்கள். ஜியோபோன் ஒரு தட்டுக்கு மணி மாதிரி திரும்பத் திரும்ப ஆடாமல் இருக்க, அதன் தரவுத்தாளில் சொன்ன மதிப்புள்ள மின்தடையை இரண்டு முனைகளுக்கும் குறுக்கே போட மறக்காதீர்கள்.

கடிகாரம் முக்கியம். இஎஸ்பி32 தானாகவே நேரம் தவறும், நாள் போகப் போக நொடிக்கணக்கில் விலகிவிடும். இணையத்தில் இருந்து அடிக்கடி நேரத்தைச் சரிசெய்யுங்கள், இணையம் இல்லாத தோட்டமென்றால் சின்ன ஜிபிஎஸ் தொகுதி ஒன்று சேருங்கள். பதிவுகளைச் சர்வதேச நேரத்திலேயே எழுதுங்கள், நம் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி முன்னால். உலக நிலநடுக்கப் பட்டியல் எல்லாம் அந்த நேரத்தில்தான் இருக்கும், ஒப்பிடும்போது தலை சுற்றாது.

சரி, எங்கே வைப்பது? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் நம் சீமையில் ஐம்பது கிலோமீட்டருக்குள் எல்லா வகை மண்ணும் இருக்கிறது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் வேண்டவே வேண்டாம், காற்றுக்கே நகர்கிற மணல் அது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும், கருவி கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துவிடும். தாமிரபரணி வண்டல் வயலில் வைத்தால் பக்கத்து வரப்பில் டிராக்டர் போவதே பெரிதாகத் தெரியும். நமக்கு வேண்டியது பாறை. நெல்லைக்காரர்களுக்குப் பொத்தை, அதாவது சின்னப் பாறைக்குன்று, என்றால் சொல்ல வேண்டியதில்லை, ஊருக்கு ஒரு பொத்தை இருக்கும். அதன் அடிவாரத்தில், பாறை தரையோடு தரையாக வெளித்தெரியும் இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். பாறையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சிமெண்டோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ வைத்து ஜியோபோனை நேரடியாக ஒட்டிவிடுங்கள், ரசமட்டம் வைத்து நிமிர்த்துங்கள். பாறை கிடைக்காதவர்கள் வீட்டின் தரைத்தளத்தில், மண்ணில் நேராக உட்கார்ந்திருக்கும் மூலையில் வைக்கலாம். மாடி கூடாது. கட்டடம் தன் அலைவரிசையில் ஆடும், அதைத்தான் பதிவு செய்துகொண்டிருப்பீர்கள். மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் மண்மூட்டை போடுங்கள். காற்று, எறும்பு, பூனை மூன்றும் அடங்கும்.

நான் முதலில் வைத்தது களக்காடு பக்கம் சித்தப்பா தோட்டத்துப் பம்புசெட் அறையில். பாறைத்தளம், கூரை, மின்சாரம், எல்லாம் இருக்கிறதே என்று நினைத்தேன். முதல் நாள் பதிவில் மணிக்கணக்காக ஒரே தடித்த பட்டை. பதிவை அலைவரிசை வாரியாகப் பிரித்துப் பார்த்தால் 48 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்முனை. நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றும் மோட்டாரை அறுபதால் வகுத்தால் அதேதான்! சித்தப்பாவிடம் சொன்னேன். “அப்போ கரண்டு எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னும் உன் மிசினு சொல்லும்லா?” என்றார். சொன்னது. மூன்று முனை மின்சாரம் வந்த நேரம், போன நேரம் எல்லாம் நிமிடம் தவறாமல் பதிவில் இருந்தது. பிறகு கருவியை நூறு மீட்டர் தள்ளி, கிணற்றுக்கு அந்தப் பக்கத்துப் பாறைக்கு மாற்றினேன்.

இந்த மாதிரி ஊர்ச் சத்தங்களைக் கற்றுக்கொள்ளத்தான் முதல் இரண்டு மாதம். ஒரு நோட்டு வாங்கி, நாள், நேரம், என்ன நடந்தது, பதிவில் எப்படித் தெரிந்தது என்று எழுதுங்கள். லாரி என்றால் மெல்ல வீங்கி மெல்ல வடியும், கதிர் போல. ரயில் இன்னும் நீளமான கதிர், நேர அட்டவணையோடு ஒத்துப்போகும். காற்றாலை வித்தியாசமானது: ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும்போது காவல்கிணறு, பணகுடி பக்கத்தில் கோடு நாளெல்லாம் தடித்தே இருக்கும், காற்று ஓய்ந்தால்தான் மெலியும். டவுனில் ரதவீதிக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வைத்திருக்கிறார், நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று தேர் நகர்ந்த நேரமும் நின்ற நேரமும் அவர் பதிவில் தனித்தனியாக இருந்ததை அவர் அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

குவாரி வெடியைப் பிரிப்பது கொஞ்சம் நுட்பம். வெடி எல்லாப் பக்கமும் நிலத்தை வெளியே தள்ளும், ஆகவே முதல் அசைவு பெரும்பாலும் மேல்நோக்கித்தான் இருக்கும். வேகமாக முதலில் வருவது பி அலை; இரண்டாவதாக வரும் எஸ் அலை பலவீனமாக இருக்கும், அதற்குப் பின்னால் மேற்பரப்பு அலை பெரிதாக உருண்டு வரும். நேரமும் காட்டிக்கொடுக்கும், வெடி பகலில்தான். நிலநடுக்கம் என்றால் பாறை ஒரு பிளவின் இரு பக்கமும் வழுக்குகிறது. ஒரு திசையில் தள்ளும், இன்னொரு திசையில் இழுக்கும், ஆகவே முதல் அசைவு கீழ்நோக்கியும் வரலாம். எஸ் அலை தெளிவாக, பெரும்பாலும் பி அலையை விடப் பெரிதாக இருக்கும். முதல் அசைவு மேலா கீழா என்று நம்பிச் சொல்ல, கருவி வைத்த அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள்: கருவியைப் பொருத்துவதற்கு முன் கையில் பிடித்துச் சட்டென்று மேலே தூக்கி, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

தூரக் கணக்கு சுலபம். பி அலை முதலில் வரும், எஸ் அலை பின்னால் வரும். இரண்டுக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணி எட்டால் பெருக்குங்கள், கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். இடைவெளி 12 நொடி என்றால் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். இடி மின்னலுக்கு நொடி எண்ணுகிற அதே வித்தைதான். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டினால் அலை பூமியின் ஆழத்துக்குப் போய் வேகமெடுக்கும், இந்த எட்டுக் கணக்கு தூரத்தைக் குறைத்துக் காட்டும். அப்போது பயண நேர அட்டவணையைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஒரு நிலையம் தூரத்தை மட்டும்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. உங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதில் எங்கோ என்றுதான் சொல்ல முடியும். அம்பாசமுத்திரத்தில் ஒருவர், ராதாபுரத்தில் ஒருவர், சங்கரன்கோவிலில் ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்தால் மூன்று வட்டம் வெட்டும் இடம்தான் மையம். தயவுசெய்து தனியாகச் செய்யாதீர்கள், மூன்று பேராகத் தொடங்குங்கள்.

நம் பக்கம் நிலநடுக்கம் வருமா என்று கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய வரைபடத்தில் நெல்லை பெரும்பாலும் இரண்டாம் மண்டலம், நாட்டிலேயே ஆபத்து குறைந்த வகை. ஆனால் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவில் வந்தது, 2001 செப்டம்பர் 25 அன்று பாண்டிச்சேரிக்கு அப்பால் கடலில் சுமார் 5.5 அளவில் வந்தது. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அளவு ஒன்று கூடினால் அசைவு பத்து மடங்கு, ஆற்றல் சுமார் 32 மடங்கு என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கருவியில் அதிகம் தெரியப்போவது தூரத்து நடுக்கங்கள்தான். அளவு 6-க்கு மேல் அந்தமான், சுமத்ரா பக்கம் வந்தால் அமைதியான இரவில் தெரிய வாய்ப்பு உண்டு. இவற்றைப் பார்க்க 0.7 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டுங்கள், ஊர்ச் சத்தம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும். பக்கத்து நடுக்கம் என்றால் 2 முதல் 10 ஹெர்ட்ஸ். நம்மை மாதிரிக் கடலோரச் சீமைக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் உடைந்தது நம் நேரம் காலை 6.29-க்கு, அளவு 9.1. மையம் நமக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். பி அலை நாலரை நிமிடத்திலும், எஸ் அலை எட்டு நிமிடத்திலும், மேற்பரப்பு அலை பத்து நிமிடத்திலும் நெல்லைத் தரையைக் கடந்து போயிருக்கும். கடல் தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. இப்போது 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் அதன் எச்சரிக்கையை நம்புங்கள், என் கருவியையோ உங்கள் கருவியையோ இல்லை. பெரிய நடுக்கமெல்லாம் பெரிய சுனாமி தராது என்பதற்கும் உதாரணம் உண்டு: 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 வந்தது, ஆனால் கடல்தரை பக்கவாட்டில் வழுக்கியதால் தண்ணீரை அதிகம் மேலே தூக்கவில்லை, சின்னச் சுனாமிதான் வந்தது.

எரிமலைக்கு வருவோம். நெல்லையில் எரிமலைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், 1998-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிப் பக்கம் தரையில் பாறை உருகி வெளிவந்தபோது ஊரெல்லாம் எரிமலைப் பேச்சுதான், புவியியலாளர்களும் ஆய்விதழ்களில் எழுதினார்கள். உயரழுத்த மின்சாரம் தரையில் இறங்கினாலும் பாறை உருகும் என்ற விளக்கமும் வந்தது. எரிமலை என்றால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறைந்திருக்கும். பாறைக்குழம்பு மேலே ஏறும்போது சும்மா ஏறாது. வழியில் பாறையை உடைக்கும், அதனால் சின்னச் சின்ன நடுக்கங்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். பிறகு குழம்பும் வாயுவும் குழாயில் ஓடும்போது விட்டுவிடாத ஒரு முனகல் வரும், மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில். நிலம் ஊதும், சாய்வுமானி அதைக் காட்டும். கந்தக டை ஆக்சைடு கூடும். பிலிப்பைன்ஸில் பினடூபோ மலையை 1991-இல் இப்படித்தான் கவனித்தார்கள், ஜூன் 15-ஆம் தேதிப் பெருவெடிப்புக்கு முன்னால் பல்லாயிரம் பேரை வெளியேற்றினார்கள். நிலநடுக்கத்தை நாள் நேரம் சொல்லி முன்கணிக்க இன்று யாராலும் முடியாது, எரிமலைக்குப் பல நேரம் முடிகிறது.

அந்த முனகல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் ராக்கெட் எஞ்சின்களைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கிறது. பணகுடி, காவல்கிணறுக்காரர்களுக்கு அந்த உறுமல் பழக்கம். காற்றில் வரும் ஓசை தரையையும் அதிரவைக்கும். சட்டென்று தொடங்கி, ஒரே தடிமனில் ஓடி, சட்டென்று நிற்கும். எரிமலை வாயிலிருந்து வாயு பீறிடும் ஓசையை ஆய்வாளர்கள் ராக்கெட் எஞ்சின் ஓசையோடு ஒப்பிட்டே படிக்கிறார்கள்.

நிஜ எரிமலையை வீட்டிலிருந்தே பார்க்க இரண்டு வழி சொல்கிறேன். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தார் செய்த ஸ்வார்ம் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு, ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலை நிலையங்களின் பதிவைத் திறந்து பாருங்கள். அங்கே 2024 டிசம்பர் 23-இல் தொடங்கிய வெடிப்பு விட்டுவிட்டு நெருப்பூற்றாகப் பீறிட்டது. அதே நிறுவனத்தின் இணையதளத்தில் சாய்வுமானி வரைபடமும் இருக்கும். மலை நாள்கணக்கில் மெல்ல ஊதும், ஊற்று கிளம்பியதும் சடாரென்று இறங்கும், ரம்பப் பல் மாதிரி. அளவு மைக்ரோரேடியனில் இருக்கும்: ஒரு கிலோமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் வரும் சாய்வு அது. நம் நாட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் அந்தமானின் பாரன் தீவு, 1991-இலிருந்து விட்டுவிட்டுச் சீறுகிறது. நம் ஜியோபோனுக்கு அது எட்டாது, செயற்கைக்கோள் வெப்பப்புள்ளி வரைபடத்தில் அந்தத் தீவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இரண்டாவது வழி காற்றழுத்தமானி. பல போன்களிலேயே இருக்கிறது, தனியாக வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான், அதே இஎஸ்பி32-இல் கட்டிவிடலாம். 2022 ஜனவரி 15 அன்று டோங்கா கடலடி எரிமலை வெடித்தபோது அந்த அழுத்த அலை பூமியையே சுற்றி வந்தது. நம்மிடமிருந்து சுமார் 12,000 கிலோமீட்டர், நொடிக்கு 310 மீட்டர் போல வேகம், வகுத்துப் பாருங்கள், பத்தரை மணி நேரத்துக்கு மேல். நம் நேரம் காலை 9.45-க்கு வெடித்தது நமக்கு இரவு எட்டு மணிக்குப் பிறகு வந்திருக்கும். அன்றைக்கு நான் காற்றழுத்தமானி வைத்திருக்கவில்லை. இப்போது வைத்திருக்கிறேன்.

அதிர்வு வந்தால் செய்ய வேண்டிய வரிசை இது. நேரத்தைக் குறியுங்கள். வெளியே போகும் தேவை இருந்தால் முதலில் போங்கள், பதிவு எங்கும் ஓடாது. பிறகு பதிவைத் திறந்து, நோட்டில் உள்ள வெடி, லாரி, மோட்டார் வடிவங்களோடு ஒப்பிடுங்கள். மற்ற இரண்டு பேரிடமும் கேளுங்கள். தில்லியில் உள்ள தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் பூகம்ப் செயலியில் பட்டியலைப் பாருங்கள். எல்லாம் ஒத்துவந்த பிறகுதான் தெருக் குழுவில் எழுதுங்கள். குவாரி வெடி என்று தெரிந்தால் அதையும் நேரத்தோடு எழுதுங்கள். வீட்டுச் சுவரில் விரிசல் விட்டிருப்பவருக்கு, அதிகாரிகளிடம் போகும்போது தேதியும் நேரமும் உள்ள ஒரு தாள் பெரிய துணை.

பராமரிப்பு அதிகமில்லை. வாரம் ஒருமுறை கோப்புகளைக் கணினிக்கு மாற்றுங்கள், மாதம் ஒருமுறை பக்கத்தில் தட்டிப் பார்த்து உயிரோடு இருக்கிறதா என்று சோதியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழக்கம் கேட்டதும் மின்வயரையும் இணைய வயரையும் கழற்றிவிட்டுப் பவர்பேங்கில் ஓடவிடுங்கள். ஜியோபோன் வயர் நீளமாக இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். எனக்கு முதல் மாற்றி போனது அப்படி ஒரு ஐப்பசி சாயங்காலத்தில்தான்.